நடுவுல டாக்டரம்மா

அவர் வாயிலிருந்து ஒற்றை எண் ஒன்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கழக்கூட்டத்தில் அப்போது எங்கள் மெஸ், ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட வருவீர்கள் என்று போனில் கேட்டால், "ஒன்றரைக்கும் ரெண்டேகாலுக்கும் நடுவுல எப்பவானும் வருவேன், கேட்டேளா சேச்சி" என்பார். அதற்குள் குழம்பு ஒரு தடவை ஆறி, சுட வைத்து, இன்னொரு தடவையும் ஆறிவிடும். சாப்பிட்டு முடித்ததும் புளிசேரி எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்பேன். "நன்னாருக்குங்கறதுக்கும் ரொம்ப நன்னாருக்குங்கறதுக்கும் நடுவுல" என்று பதில் வரும். எனக்கு அப்போது ஏறும் பாருங்கள் ஒரு எரிச்சல். நான் வைத்த பெயர்தான் நடுவுல டாக்டரம்மா. மெஸ்ஸில் எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சவப் பரிசோதனை டாக்டர் அவர். வீடு கரமனை அக்கிரகாரத்தில். மருமகள் டாக்டர் என்று ஊரெல்லாம் பெருமை பேசும் மாமியார், என்ன டாக்டர் என்று யாராவது துருவினால் "எலும்பு டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாராம். விளைவு என்னவென்றால், தெருவில் முட்டுவலி உள்ளவர்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களையும் விரட்ட மாட்டார். காலைத் தொட்டுப் பார்த்து, நல்ல டாக்டராகப் பார்த்து அனுப்பிவைப்பார். வலி எப்போது குறையும் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள், என்ன பதில் வாங்கியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் தடவை அவர் வந்தது ஒரு விடிகாலையில். இட்லித் தட்டு அடுப்பில் இருந்தது. சைட்டுக்குப் போகிற பையன்கள், கொத்தனார்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் எல்லாம், பாதிப் பேர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆட்கள், கை கழுவிக்கொண்டு நின்றார்கள். பருத்திப் புடவையில் ஓர் அம்மா தோளில் நீளப்பை ஒன்றோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, "இவாளை எல்லாம் ஒண்ணு அளந்துக்கணும், சம்மதமா?" என்று என்னிடம் கேட்டார். சர்வே எடுக்க வந்தவர் என்றால் இடத்தைத்தானே அளப்பார், ஆளை எதற்கு அளக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"உயிரோட இருக்கிய ஆளுகளயா அளக்கப் போறீங்க?"

"அவாளைத்தான் அளக்கணும்" என்றார். "எங்கயானும் ஒரு கால் எலும்பு கிடைக்கறது, வெச்சுக்கோங்கோ. அதோட நீளத்தை வெச்சு ஆள் என்ன உசரம் இருந்திருப்பான்னு சொல்ல ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் போட்டவா வெளிநாட்டுக்காரா. அவா ஊர் ஜனங்களை அளந்து போட்டது. அதை நம்ம பக்கத்து ஆளுக்குப் போட்டா, ஆள் இருக்கறதைவிட நெட்டையாயிடுவான். அப்புறம் போலீஸ்காரா அந்த நெட்டையனைத் தேடுவா. இல்லாத ஒருத்தனைத் தேடினா இருக்கறவன் எப்படிக் கிடைப்பான்? அதான், நம்ம ஜனங்களை அளந்து நம்ம கணக்கு ஒண்ணு போடலாம்னு பார்க்கறேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சரி, இட்லி தீரட்டும், பிறகு அளந்துகொள்ளுங்கள் என்றேன். சாப்பிட்டால் உயரம் மாறாது, ஆனால் நேரமானால் மாறும் என்றார். ராத்திரி படுத்து எழுந்ததும் மனிதன் கொஞ்சம் உயரமாக இருப்பானாம், பகலெல்லாம் சுமை தூக்கிச் சாயங்காலம் கொஞ்சம் அமுங்கிப்போவானாம். கேட்டுக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர், "அப்பம் எனக்குப் பொண்ணு பாக்கப் போவையில காலம்பறயே போயிரணும், என்னம்மா?" என்றார். மெஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் பையன்கள் சுவரோரம் வந்து நின்றார்கள்.

தலை உயரம் எடுப்பதில் வம்பு ஒன்றும் வரவில்லை. வந்தது அடுத்ததில். பையிலிருந்து நீளமான ஸ்டீல் கம்பி ஒன்றை எடுத்தார். அதில் பறவையின் மூக்குபோல நீட்டிக்கொண்டு நகருகிற இரண்டு அலகுகள் இருந்தன. ஒரு அலகை முழங்காலுக்குக் கீழேயும் மற்றதைக் கணுக்காலிலும் வைக்க வேண்டும். அதற்கு அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையன்களின் காலைப் பிடித்தார். அவ்வளவுதான், சூடு பட்ட மாதிரி துள்ளினார்கள். தாய் வயசில் ஒருத்தி, அதிலும் ஒரு டாக்டர், அதிலும் கரமனை மாமி, குனிந்து காலைத் தொடுவதா. "பாவம் வந்துரும்மா, விடுங்க" என்று ஒருவன் சுவரில் ஏறாத குறை. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் ஒருவன் காலைத் தொட்டதும், அவன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் குனிந்ததில் அலகு நழுவியது. அவர் மறுபடி வைத்தார். அவன் மறுபடி குனிந்தான். "முதல்ல அளந்துக்கறேன்டா, எல்லா நமஸ்காரத்தையும் கடைசில ஒண்ணாப் பண்ணு" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அன்றைக்கு நான் சிரித்ததில் தக்காளிச் சட்னி அடிப்பிடித்துவிட்டது.

பெண்களும் வேண்டும் என்றார். என் சமையற்கட்டில் மாவாட்டி, காய் நறுக்கிக்கொண்டிருந்த இசக்கியைக் கூப்பிட்டேன். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துப் பெண். புருஷன் பேச்சிமுத்து டைல்ஸ் வேலை, அன்று சீக்கிரமே ஆற்றிங்கலுக்குப் போயிருந்தான். இருவரும் மெஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். இசக்கி சுவரில் சாய்ந்து நின்றாள். டாக்டரம்மா காலை அளந்தார், தலையை அளந்தார், திரும்பவும் காலை அளந்தார்.

"கொழந்தே, உன் கால் ஒண்ணு சொல்றது, தலை ஒண்ணு சொல்றது. நேரா நில்லு."

"நேராத்தாம்மா நிக்கேன்."

அவள் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். கையை எடுத்ததும் அவள் பழையபடி முதுகை வளைத்துக்கொண்டாள். அளந்ததில் அவளைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "பொய் சொல்றா. வாயால இல்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கேட்கவும் நேரமில்லை, அடுப்பு என்னைக் கூப்பிட்டது.

அதன்பின் மாதத்துக்கு ஓரிரு தடவை சாப்பிட வருவார். என்னோடு நன்றாகப் பேசுவார். அவருடைய வேலையை நினைத்தால் சோறு இறங்குமா என்று நான் ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. அவருக்கு இறங்கியது, எனக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் கோர்ட்டில் வக்கீல் ஒருவர் அவரை, "ஒரு நம்பர் சொல்லுங்கள், டாக்டருக்கு ஒரு நம்பர் தெரியாதா" என்று குடைந்திருக்கிறார். "ஒரே நம்பர் சொன்னா அது எனக்கு கெட்டிக்காரப் பட்டம் வாங்கித் தரும். இறந்தவருக்கு என்ன பிரயோஜனம்?" என்று என்னிடம் சொல்லி மோர் கேட்டார். நான் மனசுக்குள் அந்த வக்கீல் பக்கம்தான் இருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பேச்சிமுத்து காணாமல் போனான். கான்ட்ராக்டரோடு சண்டை, வடக்கே பெரிய சைட் ஏதோ இருக்கிறதாம், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் ரயில் ஏறியதைப் பார்த்தவர் இல்லை. போனும் செத்துவிட்டது. இசக்கியைக் கூட்டிக்கொண்டு நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். வயசு, நிறம், மச்சம் எல்லாம் கேட்டுவிட்டு எழுத்துக்கார போலீஸ், "பொக்கம் எத்ர?" என்றார். உயரம் கேட்கிறார் என்று இசக்கியிடம் சொன்னேன். அவள் கையைத் தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டினாள். போலீஸ்காரர் கையைப் பார்த்தார், ஐந்தடி ஏழு என்று எழுதினார். பேச்சிமுத்துவை நான் பார்த்ததெல்லாம் இலைக்கு முன்னால் உட்கார்ந்த நிலையில்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

தேடினார்கள், கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பாறைக்குழியில் தண்ணீர் வற்றியது. உள்ளே எலும்புக்கூடு கிடந்தது. ஆண், முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். உயரம் ஐந்தடி ஐந்துக்கும் ஐந்தடி பத்துக்கும் நடுவில். யார் எழுதிய ரிப்போர்ட் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ் தங்களிடமிருந்த காணாமல் போனவர் விவரங்களைப் பார்த்தார்கள். வயது பொருந்தியது. ஐந்தடி ஏழு, கச்சிதமாக நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

பேச்சிமுத்துவின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். டி.என்.ஏ. பார்க்க ரத்தம் கொடுத்தார். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கெட்ட மனுஷர் இல்லை அவர், எனக்கு அவர் சங்கடம் புரிந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டில் சாவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பந்தக்கால் எப்படி ஊன்றுவது. "போலீசே சொல்லுதாங்க. நாளக்கழிச்சு திருவல்லம் கோயில்ல போயி அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம். அவ கழுத்துல கெடக்கத வேற என்னத்துக்கு இன்னும்..." என்று என்னிடம் பாதியில் நிறுத்தினார்.

இசக்கி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேங்காய் துருவிக்கொண்டே, "யக்கா, நடுவுலன்னா அது அவியதானா?" என்று கேட்டாள். அன்றைக்கு டாக்டரம்மாவை மனதாரத் திட்டினேன். ஒரு பெண்ணின் தாலி ஊசலாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் என்பது ஒரு பதிலா. ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல், இரண்டும் இல்லாமல் ஐந்து அங்குலத்துக்கு ஒரு குழியைத் தோண்டி வைத்துவிட்டு, யார் விழுந்தாலும் சரி என்றிருப்பது என்ன படிப்பு.

மறுநாள் காலை அவரே வந்து நின்றார், போன்கூடச் செய்யாமல். தன் ரிப்போர்ட்டோடு போலீஸ் பொருத்தியிருப்பது இந்த மெஸ்ஸில் வேலை செய்யும் இசக்கியம்மாளின் புகாரை என்பதை அப்போதுதான் போலீஸ் வாயிலாகத் தெரிந்துகொண்டாராம். நேரே சமையற்கட்டுக்குள் போனார். அண்ணனும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"கொழந்தே, உங்காத்துக்காரர் உன்னைவிட உசரமா?"

இசக்கி வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். "ஆமாம்மா."

"எத்தனை?"

அதே கை, அதே ஒரு சாண். டாக்டரம்மா அவள் கையைப் பார்க்கவில்லை. வளைந்திருந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். புருஷனின் அண்ணன் முன்னால் இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. "அண்ணாச்சி, இவ்வளவு தூரம் வந்துட்டு பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்கா ஒடைக்காம போனா மகளுக்கு நல்லதா? இந்தா பஸ் வருது, ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்று அவர் கையில் தேங்காயைக் கொடுத்து அனுப்பினேன். போக வர, அந்த ஹைவே நெரிசலில், எங்களுக்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.

அவர் போனதும் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தார், இசக்கியையும் உட்காரச் சொன்னார். "யாருக்காகக் குனிஞ்சுண்டிருக்கே?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

இசக்கி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வந்தது எல்லாம். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கம்மா சொல்லிட்டா, குனிஞ்சே நில்லுட்டி, மாப்பிள கொஞ்சம் கட்டையான்னு. கல்யாண போட்டோவுல அவியள ஒரு பலகையில ஏத்தி நிறுத்துனாவ. பொறவு அதுவே பழகிட்டும்மா. ரோட்டுல கூட நடந்தா நாலு பேரு சிரிக்கக் கூடாதுல்லா. வீட்டுலயும் அப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் அதப்பத்தி ஒருநாளும் பேசுனதில்ல."

"ஸ்டேஷன்ல ஏன் அப்படிக் காட்டினே?"

"அத்தன ஆம்பளைய உக்காந்திருக்கையில, பொண்டாட்டி வேற எங்க கையக் காட்டுவா?"

அப்படியானால் அது அவன் இல்லை, அது அவன் இல்லை என்று நான் குதிக்கத் தொடங்கினேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சேச்சி, அவசரப்படாதேங்கோ. இப்போ அவர் குட்டையா இருந்தா இவளுக்கு நல்லது. அன்னிக்கு நெட்டையா இருந்தா நல்லதா இருந்துது. இவ வாயை மட்டும் கேட்டு நான் ஒண்ணும் எழுத முடியாது. அவரே விட்டுட்டுப் போனது ஏதாவது வேணும்." சட்டை இருக்கிறதா என்றார், எல்லாம் ரெடிமேட், ஒரே சைஸ், போனபோது கொண்டுபோய்விட்டான். வேறு என்ன வீட்டில் அவன் கைப்பட வைத்தது என்று கேட்டார். இசக்கி யோசித்துவிட்டு, "சேவிங் கண்ணாடிதாம்மா இருக்கு" என்றாள்.

பின்பக்க அறைக்குப் போனோம். ஜன்னலை ஒட்டிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி, சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்டது, ஆணியில் தொங்கியது. டாக்டரம்மா அதைத் தொடவே இல்லை. ஆணியை யார் அடித்தது, பிறகு யாராவது மாற்றினார்களா, அவன் எங்கே நின்று சவரம் செய்வான், காலில் செருப்பு இருக்குமா, கீழே பலகை ஏதாவது போடுவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தினம் காலம்பற நின்னுண்டு சவரம் பண்ற ஆம்பளை கண்ணாடிக்காகக் குனியவும் மாட்டான், எம்பவும் மாட்டான். கண்ணுக்கு நேராத்தான் ஆணி அடிச்சிருப்பான்" என்றார். தரையிலிருந்து கண்ணாடி வரைக்கும் அளந்தார்.

"இப்ப நீ அதுக்கு முன்னால நில்லு. நேரா."

இசக்கியால் முடியவில்லை. அத்தனை வருஷத்து வளைவு, நிமிர் என்றால் நிமிர்ந்துவிடுமா. தோள் ஏறும், தானாகவே இறங்கும். "இங்க ஆம்பளைகள் யாரும் இல்லை, கொழந்தே" என்று சொல்லி டாக்டரம்மா அவள் முதுகில் கையை வைத்து, இந்தத் தடவை எடுக்காமலே நின்றார். மெதுமெதுவாக எழும்பினாள். என்னோடு வருஷக்கணக்காக வேலை செய்த பெண், இத்தனை உயரமா என்று நான் வாயைப் பிளந்தேன். கண்ணாடியில் அவள் கண் தெரியவில்லை. மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன.

"பொட்டு வெக்கணும்னா நா குனியணும்மா" என்றாள்.

டாக்டரம்மா போனை எடுத்துக் கணக்குப் போட்டார். கண்ணுக்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கூட்டினார். கண்ணாடி கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம் என்று இடம் விட்டார். உயர்ந்திருக்கலாம் என்று இடம் விட்டார். போதாதென்று இன்னும் கொஞ்சம் விட்டார். எத்தனை இழுத்தாலும் பேச்சிமுத்து ஐந்தடி மூன்றுக்கு மேல் வரவில்லை. பாறைக்குழி ஆள் எத்தனை அமுக்கினாலும் ஐந்தடி ஐந்துக்குக் கீழே போகவில்லை.

"ரெண்டும் தொட்டுக்கலை" என்றார்.

"அப்பிடின்னா? ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவுலயா?" என்றேன். என் கோபம் இன்னும் போகவில்லை.

"நடுவுல இல்லை சேச்சி. இல்லை. இது இவாத்துக்காரர் இல்லை."

இசக்கி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். டாக்டரம்மா அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். "அவர் எங்கயோ இருக்கார்னு நான் சொல்லலை, கேட்டியா. உசரத்தை வெச்சு இவர்தான்னு ஒருநாளும் சொல்ல முடியாது, இவர் இல்லைன்னு மட்டும் சொல்லலாம். டி.என்.ஏ.யும் வரட்டும். ஆனா ஒண்ணு. இத்தனை நாளா போலீஸ்காரா அஞ்சடி ஏழு உசரத்துல ஒருத்தரைத் தேடிண்டிருந்திருக்கா. அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாது. நிஜமான உன் ஆத்துக்காரரை இதுவரைக்கும் ஒருத்தரும் தேடலை."

கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் குழில கிடந்தவருக்கும் எங்கயோ ஒரு ஆத்துச் சுவத்துல கண்ணாடி தொங்கிண்டிருக்கும். இனிமே அதைத் தேடணும்" என்றார். இவ்வளவு நேரமும் அந்த இன்னொரு மனிதனை நான் நினைக்கவே இல்லை. அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் திட்டியதையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் தேங்காய் உடைத்துவிட்டு நெற்றியில் சந்தனத்தோடு திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கியே எழுந்து வந்தாள். அவர் முன்னால் சத்தமாகப் பேசாதவள்.

"பெரியத்தான், உங்க தம்பி என்னைவிடக் கட்டை. நாந்தான் ஸ்டேஷன்ல தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல மெஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். குடும்பத்து மானம் என்று ஏதாவது ஆரம்பிப்பார், நாமும் இரண்டு கொடுக்கலாம் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன். ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பலகைய எடுத்துப் போட்டதே நாந்தாம்மா" என்றார். "அவன் வேண்டாம், வேண்டாம்னுதான் சொன்னான்." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்.

அதே எழுத்துக்காரர்தான் இருந்தார். மறுபடியும் உயரம் கேட்டார். இசக்கி நேராக நின்றாள், கையைத் தன் புருவத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளி வைத்துக் காட்டினாள். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது சரிதானா என்று அண்ணனைப் பார்த்தார். அந்த மனுஷர் அத்தனை போலீஸ்காரர்கள் முன்னாலும், "சரிதான் சார். எந்தம்பி கட்டையன். அவனத் தேடுங்க" என்றார்.

மழை தொடங்குவதற்குள் காசர்கோட்டிலிருந்து தகவல் வந்தது. ரயில் பாதை ஓரம் தலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிறகு ஓர் அநாதை இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். பேச்சு வரவில்லை, ஊர் சொல்லத் தெரியவில்லை. ஐந்தடி இரண்டு. அவரைப் பற்றிய விவரம் எல்லா ஸ்டேஷன்களுக்கும் எப்போதோ வந்துவிட்டதாம். ஐந்தடி ஏழைத் தேடியவர்கள் அதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அண்ணனும் இசக்கியும் அன்று ராத்திரியே ரயில் ஏறினார்கள். அண்ணன் எனக்குச் சொன்னது இதுதான்: தாடியோடு எலும்பும் தோலுமாக இருந்த ஆளை அவருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை, இசக்கிக்குத்தான் வாசலிலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் என் போனில் வீடியோ கால் வந்தது. டாக்டரம்மா அப்போது என் மெஸ்ஸில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து ஓடி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். கட்டிலில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். இப்போது சொல்லுகிறது எல்லாம் புரிகிறது, ஒவ்வொரு வார்த்தையாகப் பேச்சு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று இசக்கி சொன்னாள். அவனைக் கைத்தாங்கலாக எழுப்பி, எங்களுக்குக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நின்றாள். போனைப் பிடித்திருந்தது அண்ணன்.

பேச்சிமுத்து எங்களைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி, பக்கத்தில் நிமிர்ந்து நின்றவளைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தான். உதடு கூடுவதும் பிரிவதுமாக இருந்தது. டாக்டரம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் தேடித்தான் அவனுக்கு வார்த்தை கிடைத்தது.

"யேட்டி" என்றான். "நீ எப்பம் வளந்த?"